மருந்து விரதத்தைக் கெடுக்காது

85, 90 வயதைத் தாண்டிய பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் பெருமாள் படத்துக்குப் பக்கத்திலேயே மாத்திரை டப்பாவும் இருக்கிறது. காலை, மதியம், ராத்திரி என்று தடுப்புப் போட்ட டப்பா. சர்க்கரைக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று. இந்த வியாதிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதும் இல்லை. முழங்கால் வலிக்கு மாத்திரை போட்டால் சிறுநீரகத்துக்கு ஆகாது. கால் வீக்கம் வடிய மாத்திரை போட்டால் எழுந்திருக்கும்போது தலை சுற்றுகிறது. இளநீராவது குடிக்கலாமே என்றால், கிட்னி தளர்ந்தவருக்கு அதில் உள்ள பொட்டாசியமே ஆபத்து.

இத்தனை உபாதையையும் அவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். என்னிடம் வந்து கண் கலங்குவது வேறு காரணத்துக்கு. ஏகாதசி இருக்க முடியவில்லையே, விழுந்து சேவிக்க முடியவில்லையே, பெருமாள் கோபித்துக்கொள்வாரோ என்று கேட்கிறார்கள்.

சாஸ்திரம் நம்மைவிடக் கருணையுள்ளது. ஏகாதசி உபவாசத்தை 8 வயதுக்கு மேல், 80 நிரம்பாதவருக்குத்தான் அது விதித்தது. இன்னொன்றும் சொல்கிறது: விரதத்தைக் கெடுக்காதவை எட்டு. தண்ணீர், கிழங்கு, பழம், பால் என்று தொடங்கும் அந்தப் பட்டியலில் குருவின் வார்த்தையும் உண்டு, மருந்தும் உண்டு. சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் உடம்பு வியர்த்து, கை நடுங்கி, நினைவு தப்பிவிடும். பகவானை நினைக்க வேண்டிய நாளில் நினைவைத் தப்பவிடுவதா விரதம்? கஞ்சி குடித்துவிட்டு வேளைக்கு மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள் பாட்டி, அதுவே உங்கள் ஏகாதசி. தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருக்கிறாரா? ஒரு உத்தரணி தீர்த்தம் போதும். நாற்காலியில் உட்கார்ந்தபடி கைகூப்பினால் அதுவும் சேவைதான்.

படுத்திருப்பவர் காது கேட்க, 'போன ஜென்மத்துப் பாவம்' என்று பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மேல்பத்தூர் நாராயண பட்டதிரி, தம் குரு அச்யுத பிஷாரடியின் வாத நோயைத் தாமே வாங்கிக்கொண்டார் என்று பெரியோர் சொல்வார்கள். அந்த வலியோடு குருவாயூரப்பன் சந்நிதியில் அமர்ந்து 1587-இல் நாராயணீயத்தை நிறைவு செய்தார். அந்த நோய் வந்தது பாவத்தாலா, குருபக்தியாலா? ஒருவர் கட்டிலில் கிடப்பதைப் பார்த்துக் கணக்குச் சொல்ல நமக்கு ஏது அதிகாரம்?

இதைவிடக் கடினமானது ஒன்று உண்டு. ஞாபகமே போய்விடுகிறது. பெற்ற பிள்ளையைப் பார்த்து 'நீங்கள் யார்?' என்று அம்மா கேட்கிறாள். ஆயுசு முழுதும் சொன்ன நாமம் நாக்கில் வரவில்லை. அப்படியானால் இவளுடைய கதி என்ன?

பெரியாழ்வார் இதை நினைத்துப் பயந்திருக்கிறார். கடைசிக் காலத்தில் உடம்பு ஓய்ந்து, உன்னை நினைக்க முடியாமல் போகலாம். அதனால் தெம்புள்ள இப்போதே சொல்லிவைத்துவிடுகிறேன் என்று அரங்கனிடம் முறையிட்டார். ஆழ்வாருக்கே அந்த அச்சம் என்றால் நமக்கு வராதா?

வராகப் பெருமாளிடம் பூமிப்பிராட்டி தன் பிள்ளைகளான நமக்காகக் கேட்டு வாங்கிய வாக்கு இந்த அச்சத்துக்குத்தான் மருந்து. அந்தப் பிராட்டியே பெரியாழ்வாருக்கு மகளாக, ஆண்டாளாக வந்தாள் என்பது சம்பிரதாயம். உடம்பும் மனசும் நன்றாக இருந்த காலத்தில் ஒருவன் என்னை நினைத்திருந்தால், பின்னால் அவன் கட்டையைப்போல, கல்லைப்போலக் கிடக்கும்போது நான் அவனை நினைக்கிறேன், நானே அழைத்துப் போகிறேன் என்கிறார் பெருமாள். கட்டை, கல் என்று பகவான் ஒளிக்காமல் சொல்கிறார், கவனித்தீர்களா? முதுமை எதுவரை போகும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் நினைக்கும் பொறுப்பைத் தம் பக்கம் மாற்றிக்கொண்டார்.

ஆகவே, அம்மா நாமம் சொல்லவில்லையே என்று அவளை வற்புறுத்தாதீர்கள். நீங்கள் சொல்லுங்கள், அவள் கேட்டுக்கொண்டிருக்கட்டும். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்கும் மருமகளை, ஒரு நாளாவது மற்றவர்கள் முறை மாற்றித் தூங்க விடுங்கள். அவளும் ஏகாதசி கண்விழிப்பை வாரம் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறாள்.