குடும்ப முகாமுக்குப் புறப்படுமுன்

கோடை விடுமுறையில் நடைபெறும் கிறிஸ்தவக் குடும்ப முகாமில் செய்தி கொடுக்கப் புறப்படும் பிரசங்கியார், கணவன் மனைவியர் கடமை, பிள்ளை வளர்ப்பு, அன்றாடக் குடும்ப ஜெபம் ஆகியவற்றைப் பற்றிக் குறிப்பெடுத்து, உபவாசமிருந்து, வேதாகமத்தைப் பெட்டியில் எடுத்து வைத்துவிட்டால் ஆயத்தம் நிறைவுற்றதென்று கருதுவது இயல்பே. ஆயினும், குடும்பத்தைக் குறித்த ஓர் உபதேசம் ஒரு வீட்டினுள் நுழைந்தபின் அதன் பாரம் அங்கே யார் தலையில் இறங்குகிறது என்பதை அவர் சிந்தித்தாக வேண்டும். கடற்கரை ஊரான கட்டுமாவடியிலிருந்து புறப்படும் பிரசங்கியாருக்கு இச்சிந்தனை தொலைவிலுள்ளதன்று. கடற்கரைச் சாலையில் தெற்கே மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் ஊர்களைக் கடந்து, சற்றே உள்நாட்டுப் பக்கம் திரும்பினால், அத்தகைய ஓர் உபதேசத்தின் கதை முடிந்த ஓரியூர்.

லிஸ்பனில் 1647இல் பிறந்த ஜான் டி பிரிட்டோ, நம்மவர் வாயில் அருளானந்தராகி, மதுரை மிஷனின் துறவியாக மறவர் சீமைக்கு வந்தார். 1686இல் சிறைப்பட்டு, சித்திரவதைக்குள்ளாகி, இனி இங்கே போதிக்கலாகாதென்ற ஆணையுடன் விடுவிக்கப்பட்டார். தாய்நாடு திரும்பியவரைப் போர்ச்சுகல் மன்னர் தம்மிடமே இருத்திக்கொள்ள விரும்பியும், அவர் மீண்டும் இச்சீமைக்கே வந்து சேர்ந்தார். நோயிலிருந்து மீண்ட மறவர் தலைவர் தடியத்தேவர் ஞானஸ்நானம் வேண்டியபோது, பல மனைவியருள் ஒருத்தியை மட்டுமே மனைவியாகக் கொள்ளவேண்டுமென்று அருளானந்தர் விதித்தார். தேவரும் இணங்கினார். விலக்கப்பட்டவர்களுள் ஒருத்தி இச்சீமையின் அரசர் கிழவன் சேதுபதியின் நெருங்கிய உறவினள். அவள் அரண்மனையில் முறையிட்டாள். அதன் விளைவாக, 1693 பிப்ரவரி 4இல் ஓரியூரில் அருளானந்தர் சிரச்சேதம் செய்யப்பட்டார். 1947இல் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டமளித்தது.

நம் பிரசங்கங்களில் அந்தப் பெண் கோபக்காரியாகத் தோன்றி உடனே மறைந்துவிடுகிறாள். அது நியாயமன்று. அருளானந்தரின் உபதேசத்தைத் தவறென்று நான் சொல்லவில்லை. ஒருவனுக்கு ஒருத்தி என்ற தர்மத்தை அவர் தளர்த்தியிருப்பாரேயானால் அவருடைய விசுவாசத்துக்குப் பொருளே இராது. ஆனால், தன் குற்றம் எதுவுமின்றி, ஒரு நாளில் வீடும் ஸ்தானமும் இழந்து நின்றவளுடைய துக்கம், சத்தியம் உயர்ந்தது என்பதனாலேயே இல்லாமற் போய்விடுமோ? அவர் தம் போதனைக்குரிய விலையைத் தம் உயிரால் செலுத்தினார். இன்று குடும்பத்தைப் பற்றி மேடையேறுகிற நாம் பெரும்பாலும் எவ்விலையும் செலுத்துவதில்லை, கேட்பவர் வீட்டில் மிக எளியவரே செலுத்துகிறார். பொறுத்துப் போ என்று பொதுவாகச் சொல்லப்படும் வாக்கு, குடிகாரனிடம் அடிபடும் மனைவியின் செவியில் எவ்வாறு விழும் என்பதை எண்ணாமல் அதை உரைப்பது பாவமென்றே நான் கருதுகிறேன்.

அத்தகைய எளியவர் இக்கரையிலும் உள்ளனர். முகாம்கள் கூடும் மே மாதம் இங்கே மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் படகுத் தொழிலாளி வீட்டிலிருக்கிறான், வருமானம் இல்லை, கடனும் சச்சரவும் வளர்கின்றன. இலங்கைக் கடற்படையினரால் சிறைபிடிக்கப்பட்ட கணவனுக்காக வழிபார்த்திருக்கும் பெண்களும் இக்கரையில் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் படகையும் தென்னையையும் ஒருசேரக் கொண்டுபோனபோது, குடும்பம் என்பது எத்தனை மெல்லிய ஆதாரத்தில் நிற்கிறதென்பதை இவ்வூரார் கண்ணாரக் கண்டனர்.

ஆகவே கட்டுமாவடிப் பிரசங்கியார், பேருந்தேறுமுன் மீன் ஏலக்கூடத்தில் கூடை சுமக்கும் பெண்களருகே சிறிது நேரம் அமர்ந்து, பேசாமல் கேட்கட்டும். முகாம் நடத்துபவர்களுக்குக் கடிதமெழுதி, கைம்பெண்களும் கைவிடப்பட்டவர்களும் அழைக்கப்பட்டுள்ளனரா, கட்டணம் செலுத்த இயலாத வீட்டாருக்கு இடமுண்டா என்று வினவட்டும். இல்லையென்று மறுமொழி வருமாயின், தமக்கென அவர்கள் வைத்திருக்கும் காணிக்கையை அதற்கே ஒதுக்கும்படி வேண்டிக்கொண்டு, அதன்பின் குறிப்பேட்டைத் திறக்கட்டும்.