பாதியில் நின்ற நேர்த்தி

தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை வாரக்கணக்கில் நடக்கும் பாதயாத்திரையில், கணுக்கால் வீங்கி இடைவழியில் பஸ் ஏறும் அடியாரின் நேர்த்தி தவறிவிட்டதா? இல்லை என்பேன். நல்லூர் ஆறுமுக நாவலர் வசனமாக்கிய பெரியபுராணமே சான்று. கயிலைக்குப் புறப்பட்ட அப்பர் பாதம் தேயக் கையால் தவழ்ந்தார், மார்பால் ஊர்ந்தார், உருண்டார், கடைசியில் அசைவற்றுக் கிடந்தார். கயிலைக் காட்சி கிடைத்ததோ திருவையாற்றில்.

அவர் தாமாக நிற்கவில்லையே எனலாம். உண்மைதான், முனிவராக வந்த சிவன் சொல்லியும் திரும்ப மறுத்தார். ஆனால் இறைவன் ஆணை என்றறிந்ததும் பணிந்தார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக் மரதனைக் காயக்கட்டோடு ஓடி முடித்த தன்சானியாவின் ஜோன் ஸ்டீபன் அக்வாரியைப் போற்றுகிறோமே என்றும் கேட்கலாம். அது அவருடைய மனவலிமை, எல்லோருக்குமான விதியல்ல. சைவருக்கு உடம்பும் இறைவன் தந்ததே. அது இனி இயலாது என்னும்போது செவிகொடுப்பதும் வழிபாடுதான். நேர்த்தியை ஏற்பவன் தூரத்தை அளப்பதில்லை.