மகள் வழிக் கோடு

ஒரு பாட்டனின் வாரிசுகள் இன்றைக்கு எத்தனை பேர் என்று பல்லடம் பக்கத்தில் யாராவது எழுத உட்கார்ந்தால், முதலில் கைக்கு வருவது குலதெய்வக் கோயிலின் வரி நோட்டு. கும்பாபிஷேகத்துக்குத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்த கணக்கு அது. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. தகப்பன் பெயரை அடுத்துத் தனிக்குடித்தனம் போன மகன்கள் வரிசையாக வருவார்கள். பழைய நோட்டு இரண்டு மூன்று கிடைத்துவிட்டால் பங்காளிகள் பெருகிய விதம் பளிச்சென்று தெரியும். ஆனால் அந்த வீட்டில் பிறந்த பெண் ஒருத்திகூட அதில் இருக்க மாட்டாள். அவள் கணவன் வீட்டுக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டாள்; வரியும் அந்தக் கோயிலுக்கே போகிறது.

நோட்டு எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. காடை, ஓதாளன், பயிரன் என்று கொங்கு வேளாளர் கூட்டம் பார்ப்பதே யார் யாருக்குப் பெண் கொடுக்கக் கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான். ஒரே கூட்டத்தார் அண்ணன் தங்கை முறை. அதற்கு ஆண் வழி போதும். இந்த மனிதரின் வழியில் வந்தவர்கள் எல்லாரும் யார் என்பது வேறு கேள்வி. ஒவ்வொருவருக்கும் இரண்டு ஆண், இரண்டு பெண் பிள்ளைகள் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எள்ளுப்பேரன் தலைமுறையில் 256 பேர் இருப்பார்கள். வரி நோட்டில் வருவது 16 பேர்.

விடுபட்டவர்களைத் தேடுவதற்கு நல்ல முறை ஒன்று உண்டு. அது நமக்கு மேற்கே நீலகிரி மலையிலேயே செய்து பார்க்கப்பட்டது. டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர், 1898இல் டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன ஆய்வுக் குழுவில் இருந்தபோது வம்சாவளி கேட்டு எழுதும் வழியைக் கண்டுபிடித்தார். பிறகு நீலகிரியில் வாழும் தோடர்களிடம் வந்து அதே வழியில் எழுதினார். 1906இல் வெளியான அவருடைய தோடர் நூலின் கடைசியில் 72 வம்ச அட்டவணைகள் இருக்கின்றன. அவர் வைத்துக்கொண்ட சொற்கள் ஐந்தே: அப்பா, அம்மா, பிள்ளை, கணவன், மனைவி. காரணம் நமக்கு நன்றாகப் புரியும். 'மாமா' என்று ஒருவர் சொன்னால் அவர் தாயுடன் பிறந்தவரா, அத்தையின் புருஷனா, பெண் கொடுத்தவரா? 'அவரைப் பெற்றவர் யார், அவர் யாரைக் கட்டினார், எத்தனை பிள்ளை' என்று மட்டும் கேட்டுக்கொண்டே போனால் குழப்பம் வராது. தோடர்கள் தங்கள் வீட்டில் இறந்தவர் பெயரை வாயால் சொல்லத் தயங்குவார்கள். அதனால் ஒரு குடும்பத்தின் வரலாற்றை அவர் வேறு குடும்பத்தாரிடம் கேட்டு வாங்கினார். ஒரு பெண்ணுக்குப் பல கணவர் இருந்த அந்தச் சமூகத்தில், கர்ப்பிணிக்கு வில்லும் அம்பும் கொடுத்துச் சடங்கு செய்தவரே பிள்ளைக்குத் தகப்பன். அட்டவணையிலும் தகப்பன் இடத்தில் அவரே.

வேறு வீட்டாரிடம் கேள் என்பது நமக்கும் பொருந்தும். அப்பாரின் தங்கச்சிமார் எங்கெங்கே வாழ்க்கைப்பட்டுப் போனார்கள் என்று கேட்டால் பங்காளிகள் மூவரில் இருவர் தலையைச் சொறிவார்கள். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த ஆத்தாவிடம் கேளுங்கள். எந்த நாத்தனாரின் பிள்ளைக்குக் காதுகுத்து எப்போது, தாய்மாமன் சீராக என்ன கொண்டுபோனார்கள் என்று தட்டுக் கணக்கோடு சொல்வார். சீர் செய்தாக வேண்டிய வீடு என்பதால் அந்த வழி அவர் மனதில் நிற்கிறது.

அதன் எழுத்து வடிவம் மொய் நோட்டு. மூலையில் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, ஊர், தோட்டம், பெயர், தொகை என்று எழுதியிருக்கும். இந்தத் தோட்டத்துப் பெயர்தான் பெரிய உதவி. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். பெயரன் என்பதே பேரன். ஆகவே ஒன்றுவிட்ட தலைமுறைக்கெல்லாம் ஒரே பழனிச்சாமி வருவார். அண்ணன் தம்பி மூவரும் அப்பன் பெயரை வைத்தால் ஒரே காலத்தில் மூன்று பழனிச்சாமிகள். மேட்டுத்தோட்டம், பள்ளத்தோட்டம், கிணத்துத்தோட்டம் என்று இருந்தால்தான் யார் எவர் என்று பிரிக்க முடியும்.

சர்க்கார் தாள்களில் பழைய பிறப்புப் பதிவு அவ்வளவாக உதவாது. பல இடங்களில் 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருக்கும், பெயர் இராது. பத்திரங்கள் உதவும். பழையதைத் தேடுகிறவர்கள் திருப்பூர் ஊரே ஒருகாலத்தில் கோயமுத்தூர் ஜில்லா, பல்லடம் தாலுகாவாக இருந்ததை மறக்கக் கூடாது. திருப்பூர் மாவட்டம் 2009இல்தான் வந்தது. பாகப்பிரிவினையில் பெரும்பாலும் மகன்கள்தான் வருவார்கள். மகள்கள் வருவது விடுதலைப் பத்திரத்தில். தமிழகத்தில் 1989 மார்ச் 25 அன்று மணமாகாமல் இருந்த பெண்களுக்கும், 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதும் மணமான பெண்களுக்கும் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு சட்டமானது. காடு மில்லுக்கும் மனைக்கும் விலைபோனபோது, வாங்குகிறவர்கள் அக்கா தங்கச்சி எல்லாருடைய கையெழுத்தையும் கேட்டார்கள். ஆகவே ஒரு மகளின் பெயர், வயது, கணவன் பெயர், ஊர் நாலும் ஒரே தாளில் கிடைக்கிறது. தன் பங்கை விட்டுக்கொடுத்த தாளே அவளைத் தேடுகிறவனுக்கு வழிகாட்டுகிறது என்பதை நினைக்கும்போது எனக்கு மனசு கனக்கிறது.

இனி வரைவது. பாட்டனும் பாட்டியும் 1. பிள்ளைகள், ஆண் பெண் பாராமல் பிறந்த வரிசையில் 1.1, 1.2, 1.3. அவர்கள் பிள்ளைகளுக்குப் பின்னால் இன்னொரு எண். எண்ணில் எத்தனை இலக்கமோ அத்தனையாவது தலைமுறை. எந்தக் கிளை என்பதும் எண்ணிலேயே தெரியும். 1.2 மகன், 1.3 மகள் என்று வைப்போம். மகனின் மகன் 1.2.1, மகளின் மகள் 1.3.2 ஆகிய அத்தை மகளைக் கட்டுகிறார். முறைப்பெண், நடப்பதுதான். மகள் வழியை வரையாதவர் அவளைப் 'பொங்கலூர், மேட்டுத்தோட்டத்துப் பெண்' என்று எழுதி நிறுத்திவிடுவார். அவளோ அதே பாட்டனின் பேத்தி, அம்மா பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். இப்படிக் கோடுகள் சேரும் ஒவ்வோர் இடத்திலும் அந்த 256 கொஞ்சம் குறையும், ஒரே ஆளை இரண்டு முறை எண்ணக் கூடாதே. அவர்களுக்குப் பிறந்த குழந்தையை 1.2.1.1 என்று ஓரிடத்தில் எழுதி, பக்கத்திலேயே 1.3.2.1 என்றும் சின்ன எழுத்தில் குறித்துவிட வேண்டும்.