ஜீர்ணோத்தாரணமும் பக்கிங்காம் கால்வாயும்

வேள்வி முதலிய கர்மங்களை இஷ்டம் என்றும், கிணறு, குளம், சோலை, சத்திரம் ஆகியவற்றைப் பிறர்பொருட்டு அமைப்பதைப் பூர்த்தம் என்றும் பகுத்த நம் தர்ம சாஸ்திரங்கள், முன்னதற்கு உரியவர் இன்னார் என்று வரம்பு கட்டினாலும் பின்னதை எல்லா வர்ணத்தாருக்கும் பொதுவாகவே வைத்தன. அந்தப் பூர்த்தத்திலும், புதிதாக ஒன்றை எடுப்பதைக் காட்டிலும் பழுதுற்றுக் கிடப்பதைச் செப்பனிடும் ஜீர்ணோத்தாரணமே பன்மடங்கு புண்ணியம் என்பது வழிவழி வந்த கொள்கை. குளம் வெட்டியவன் பெயர் குளத்தோடு நிற்கும். தூர் வாரியவன் பெயரை அடுத்த மழை கழுவிவிடும். ஆதலால் அவனுடைய செயல் பலன் கருதாத கர்மத்துக்கு ஒரு படி அருகில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால், ஒன்றைத் தோற்றுவித்ததே தர்ம சிந்தை அன்று, அதன் பழைய பயனும் அற்றுப்போயிற்று என்றால், அதைப் புதுப்பிப்பதும் புண்ணியமாகுமா? பக்கிங்காம் கால்வாயை நினைக்கும்போதெல்லாம் இந்தச் சந்தேகம் எழுகிறது. 1806-ல் பேசில் காக்ரேன் சுங்க வருவாயைக் கருதிச் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டியதும், 1837-ல் அரசாங்கத்தின் கைக்கு வந்ததும், பின்னர் வடக்கே ஆந்திரத்துப் பெத்தகஞ்சாம் முதல் தெற்கே மரக்காணம் வரை ஏறக்குறைய 420 கிலோமீட்டர் நீண்டதுமான இந்த நீர்வழியில், உப்பும் விறகும் கிளிஞ்சலும் ஏற்றிய படகுகள் ஒரு காலத்தில் ஓயாது சென்றன. 1965, 1966-ஆம் ஆண்டுகளின் புயல்களில் அது சிதைந்தது. இன்று சென்னை நகருக்குள் அதில் சாக்கடை ஓடுகிறது. பறக்கும் ரயிலின் தூண்களோ அதன் நடு வயிற்றிலேயே ஊன்றப்பட்டிருக்கின்றன.

கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டுக் கிலோமீட்டர் பகுதிதான் என் சிந்தையை விட்டு அகலாதது. தாது வருஷப் பஞ்சத்தில், ஜனங்கள் லக்ஷக்கணக்கில் மடிந்துகொண்டிருந்த 1877-78-ல், நிவாரண வேலையாக அது வெட்டப்பட்டது. உழைப்பவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசும் போதும் என்று பஞ்ச நிவாரணத்தை மேற்பார்வையிட வந்த ரிச்சர்ட் டெம்பிள் விதித்ததும், அந்த அளவு உயிரைத் தாங்காது என்று சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் வாதாடியதும் அந்தப் பஞ்சத்தின் சரித்திரம். கால்வாய்க்கு வாய்த்ததோ கவர்னராயிருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர்! தர்ப்பணம் செய்கிறவன் தன் குலத்து மூதாதையரோடு நில்லாமல், நீர் வார்க்க ஒருவரும் இல்லாத ஆத்மாக்களுக்கும் எள்ளும் நீரும் இறைக்க வேண்டும் என்பது நம்முடைய விதி. அந்தக் கடன் மண் சுமந்து மாண்டவர்களுக்கும் உண்டு என்றால், அவர்கள் வெட்டிய வாய்க்காலைச் சாக்கடையாக விட்டு வைத்திருக்கும் நாம் கடனாளிகளே. வெட்டுவித்தவனின் நோக்கம் எதுவாயினும், வெட்டியவனின் உழைப்பு தூயது.

பயன் அற்றுப்போயிற்று என்பதும் சரியன்று. படகு போனாலும் நீர் போகும் வழி போய்விடவில்லை; 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் நீரைப் பல இடங்களில் இக்கால்வாய் தன்னுள் வாங்கிக்கொண்டது.

பொருளுக்கு எங்கே போவது என்று கேட்பவர்கள் உத்தரமேரூர்க் கல்வெட்டை நினைக்கலாம். பத்தாம் நூற்றாண்டிலேயே குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியம் அங்கே இருந்தது. ஏரிகளைப் பேணுவதற்கென்றே ஏரிப்பட்டி என்று நிலம் விடும் வழக்கமும் நாட்டில் இருந்தது. திறப்பு விழாவுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு, மறு வருஷத்துத் தூர் வாருதலுக்குக் கையை விரிப்பது பிற்காலத்து வியாதி.

எனினும் எல்லாவற்றிலும் கடினமான கேள்வி கரையில் இருக்கிறது. வேறு போக்கிடம் இல்லாத ஏழைகள் அங்கே குடிசை போட்டிருக்கிறார்கள். நகரத்து நீர்க்கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்கள், தொழிலும் பள்ளியும் எட்டாத தொலைவில் பட்ட பாடு யாவரும் அறிந்தது. பசித்தவர்களைக் கொண்டு வெட்டியதைப் பசித்தவர்களை விரட்டித் தூய்மை செய்வது ஜீர்ணோத்தாரணம் அன்று. அது இரண்டாவது பஞ்சம். ஆகவே இந்தக் கால்வாய்க்கென்று எவரேனும் உங்களிடம் நன்கொடை கேட்டு வந்தால், கரையில் இருப்பவர்களுக்கு வீடு எங்கே, எத்தனை தூரத்தில் என்று முதலில் கேளுங்கள். விடை நியாயமாக இருந்தால் தாராளமாகக் கொடுங்கள்.