அந்த இரண்டு நிமிஷம்



போன ஜனவரியில் சென்னையில் என் முதல் மாரத்தானை ஓடி முடித்தேன். முழு மாரத்தான், 42.195 கிலோமீட்டர். ஐந்து மணி நேரத்துக்குள் முடிக்கணும்னு எட்டு மாசம் பயிற்சி எடுத்திருந்தேன். 4 மணி 58 நிமிஷத்தில் முடித்தேன். மெடலைக் கழுத்தில் போட்டு எடுத்த போட்டோவை டிபியாக வைத்தேன். சொந்தக்காரங்க, ஆபீஸ் நண்பர்கள்னு எல்லாரும் வாழ்த்தினாங்க. ஆனா மூணாவது நாளே அந்த டிபியை மாத்திட்டேன். ஏன்னு இதுவரை யார்கிட்டயும் சொன்னதில்லை. இங்கே சொல்றேன்.

30 கிலோமீட்டர் தாண்டினா உடம்பில் சேமித்து வைத்திருக்கிற சர்க்கரைச் சத்து பெரும்பாலும் தீர்ந்துபோகும். அதுக்கப்புறம் கால் நம்ம பேச்சைக் கேட்காது. நான் அப்படித்தான் மரக்கட்டை மாதிரி காலை இழுத்துக்கொண்டு ஈசிஆரில் ஓடிக்கொண்டிருந்தேன். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. 33-வது கிலோமீட்டர் பக்கத்தில், ரோட்டின் நடுத்தடுப்பில் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயசு இருக்கும். கெண்டைக்காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். முகமெல்லாம் வலி.

"தம்பி, ஒரு நிமிஷம்..." என்றார்.

நான் வாட்சைப் பார்த்தேன். "முன்னாடி வாலண்டியர்ஸ் இருக்காங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் ஓடிவிட்டேன்.

கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும். முட்டியை நீட்டி, கால் விரல்களை அவர் பக்கமாக மெதுவாக மடக்கிப் பிடிக்கணும். கையில் பாதி பாட்டில் தண்ணியும் இருந்தது. மொத்தம் மூணு நிமிஷ வேலை. நின்றிருந்தால் 5 மணி 1 நிமிஷம் ஆகியிருக்கும்.

உங்க போனுக்கும் ஒரு ஃபார்வர்டு வந்திருக்கும். 2012 டிசம்பரில் ஸ்பெயினில் நடந்த ஒரு கிராஸ் கன்ட்ரி ஓட்டம். முதலாவதாக வந்துகொண்டிருந்த கென்யா வீரர் ஏபெல் முத்தாய், எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டதாக நினைத்துச் சில மீட்டருக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டார். பின்னால் வந்த இவான் ஃபெர்னாண்டஸ் அனாயா அவரைத் தாண்டிப் போயிருக்கலாம். போகவில்லை. சைகை காட்டி அவரையே முதலில் முடிக்க வைத்தார். இதை நான் எங்க குடும்ப குரூப்பில் கைகூப்புற எமோஜியோடு மூணு தடவையாவது அனுப்பியிருப்பேன். என் முறை வந்தப்போ வாட்சைத்தான் பார்த்தேன்.

ஓட்டம் முடிந்த அன்னைக்கு எனக்கு இது உறைக்கவே இல்லை. உறைத்தது, வலி வந்த பிறகுதான்.

முதல் மாரத்தான் ஓடப் போறவங்களுக்கு ஒரு விஷயம். பெரிய வலி அன்னைக்கே வராது. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும்தான் வரும். 'லாக்டிக் ஆசிட் தேங்கிடுச்சு'ன்னு சொல்வாங்க. அது சரியில்லை, ஓடி முடித்த ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே அது இரத்தத்திலிருந்து போய்விடும். தசை நார்களில் ஏற்பட்ட நுண்ணிய காயங்களும் அதைத் தொடரும் அழற்சியும்தான் வலிக்குக் காரணம். மாடிப்படி ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை. இறங்கும்போது தொடைத் தசை உடம்பின் எடையைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலையில் எங்க அபார்ட்மென்ட் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாதியில் நின்றுவிட்டேன். லிஃப்ட் கிடையாது. மேல் வீட்டு அக்கா வேலைக்கு அவசரமாக இறங்கி வந்தாங்க. அவங்களோடு ரெண்டு வார்த்தைகூடப் பேசியதில்லை. என்னைப் பார்த்ததும், "என்ன தம்பி, கால் வரலையா?" என்று கேட்டு, என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கிவிட்டாங்க. கீழே வந்தப்போ அவங்க போக வேண்டிய ஷேர் ஆட்டோ கிளம்பிக்கொண்டிருந்தது. "ஐயோ, உங்க வண்டி போயிடுச்சே அக்கா" என்றேன். "போனா போகுது, அடுத்தது வரும்" என்றாங்க.

அன்னைக்குச் சாயங்காலம்தான் டிபியை மாத்தினேன்.

'வலி மனுஷனைப் பக்குவப்படுத்தும்'னு நாம சொல்லிக்கொள்கிறோம். எனக்கு அது இப்போ சந்தேகமா இருக்கு. 33-வது கிலோமீட்டரில் எனக்கும் வலிதான். அந்த வலி என்னைப் பக்குவப்படுத்தவில்லை. 'நானே இவ்வளவு கஷ்டப்படுறேன், இதில் அடுத்தவனையும் பார்க்கணுமா?' என்று கேட்க வைத்தது. கஷ்டப்படுவதாலேயே எனக்கு ஏதோ சலுகை இருக்கிற மாதிரி நினைத்துக்கொண்டேன். வீட்டிலும் இதே கதைதான். 'நான் எவ்வளவு உழைக்கிறேன் தெரியுமா' என்று ஆரம்பித்தால், அதுக்கப்புறம் எதிரில் இருப்பவரின் களைப்பு நம் கண்ணுக்குத் தெரியாது.

வாலண்டியர்கள் இருந்தாங்களே, அது அவங்க வேலைதானேன்னு சிலர் கேட்கலாம். நானும் அப்படித்தான் எனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஆனா அவர் கேட்டது வாலண்டியரை இல்லை, என்னை. கேட்டது ஒரு நிமிஷம்.

சின்ன வயசில் அப்பாவோடு திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போயிருக்கேன். கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர். தைப்பூசத்துக்கு நடந்தவங்களுக்குத் தெரியும், அங்கேயும் வலிதான். பாதம் கொப்புளிக்கும், தொடை உரசிப் புண்ணாகும். ஆனா ஒருத்தர் உட்கார்ந்தா கூட வந்தவங்களும் உட்காருவாங்க. முன்பின் தெரியாதவங்க கொப்புளத்துக்கு மருந்து போட்டு, தைலம் தேய்த்துவிட்டு, "சாமி, எழுந்திருங்க, மெதுவா போலாம்"னு கூட்டிப் போவாங்க. 'அரோகரா' சத்தத்தில் எல்லாரும் சேர்ந்து எழுந்து நடப்போம். அங்கே யார் முதலில் போனாங்கன்னு யாரும் கேட்பதில்லை.

அங்கே நடக்கிறவங்க எல்லாரும் நல்லவங்க, மாரத்தான் ஓடுறவங்க சுயநலக்காரங்கன்னு சொல்ல வரலை. அங்கே கையில் கடிகாரக் கணக்கு இல்லை, அதனால் நிற்பது சுலபம். கணக்கு இருக்கிற இடத்திலும் நிற்க முடியுமா என்பதுதான் எனக்கு வந்த பரீட்சை. நான் தோற்றுவிட்டேன்.

கால்வலி ஒரு வாரத்தில் போயிடுச்சு. கறுத்துப்போன பெருவிரல் நகம் விழுந்து, புதுசும் முளைத்துவிட்டது. அந்த அண்ணன் எழுந்து நடந்தாரா, ஓட்டத்தை முடித்தாரான்னு எனக்குத் தெரியாது. தேடிப் பார்க்கவும் வழியில்லை, அவர் நம்பரைக்கூட நான் பார்க்கவில்லை.

வர்ற ஜனவரியிலும் ஓடப் போறேன். இந்தத் தடவையும் நேரக் கணக்கு உண்டு. இலக்கு வைப்பது தப்புன்னு நான் நினைக்கவில்லை. ஆனா அந்தக் கணக்கில் பத்து நிமிஷத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கேன். அது யாருக்குன்னு இப்போ தெரியாது. யாருக்கும் தேவைப்படாமல் போனால் ரொம்ப சந்தோஷம்.

உங்க நாளிலும் ஒரு பத்து நிமிஷம் அப்படி எடுத்து வையுங்க. ஆபீஸுக்கு ஓடும்போது, பரீட்சைக்கு ஓடும்போது, ஏன், கோயில் வரிசையில் நிற்கும்போதுகூட யாராவது "ஒரு நிமிஷம்"னு கேட்கலாம்.