நன்றியும் எண்ணிக்கையும்

நன்றி சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு சமூகம் தனக்குள் முடிவு செய்துகொண்டால் அதை நன்றி கெட்ட சமூகம் என்று சொல்லிவிட முடியுமா? ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற பெயரில் 2008இல் இணையத்தில் உருவான புரோகிராமர்களின் கூட்டத்தைப் பற்றி யோசிக்கும்போது இந்தக் கேள்வி தவிர்க்க முடியாததாகிவிடுகிறது. அங்கே கேள்வி கேட்பவர் கடைசியில் நன்றி என்று எழுதினால், பின்னால் வருகிற வேறொருவர் அந்த வரியை அடித்துவிடுவார். வணக்கத்துக்கும் அதே கதிதான். இதில் குரூரம் ஏதுமில்லை. கேட்டவர் ஒருவர், அதே பிழையில் மாட்டிக்கொண்டு நாளை வந்து படிக்கப்போகிறவர்கள் ஆயிரம் பேர். அவர்களுக்குக் குறுக்கே உபசாரங்கள் நிற்கக் கூடாது என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம்.

தமிழில் நன்றி என்ற சொல்லுக்குப் பழைய பொருள் செய்யப்பட்ட நன்மை என்பதே. அதை உணர்ந்து வாயால் சொல்வது பின்னால் சேர்ந்த பொருள். அந்த வகையில் இவர்கள் சொல்லை நீக்கி, செயலை மட்டும் வைத்துக்கொண்டவர்கள்.

இதைத் தொடங்கிய ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி இருவரும் புரோகிராமர்கள். தங்கள் தொழிலைப் பற்றி எழுதி வாசகர்களைச் சம்பாதித்தவர்கள். பெயரைக்கூட அட்வுட்டின் வாசகர்கள் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுத்தார்கள். முடியாத வேலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போய், மேலும் அடுக்க இடமில்லாமல் புரோகிராம் நின்றுபோகிற பிழைக்கு அந்தப் பெயர். அதற்கு முன் எக்ஸ்பர்ட்ஸ் எக்ஸ்சேஞ்ச் போன்ற இடங்களில் பதிலைப் பார்க்கச் சந்தா கேட்டார்கள். இங்கே எல்லாம் திறந்திருந்தது. எழுதப்பட்டதை யாரும் எடுத்துக்கொள்ளலாம், விற்கக்கூடச் செய்யலாம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் நிபந்தனைகள் முக்கியமாக இரண்டு: எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும், அதிலிருந்து புதிதாக ஒன்றைச் செய்து வெளியிட்டால் அதையும் இதே நிபந்தனைகளில் வெளியிட வேண்டும்.

நன்றி இருந்த இடத்தில் எண்ணிக்கை வந்து உட்கார்ந்தது. பதில் நன்றாக இருக்கிறது என்று ஒருவர் ஓட்டுப் போட்டால் எழுதியவருக்கு 10 புள்ளி. கேட்டவரே அதை ஏற்றுக்கொண்டால் 15. மோசம் என்று ஓட்டு விழுந்தால் 2 போய்விடும். ஆனால் அப்படி ஓட்டுப் போட்டவருக்கும் 1 குறையும். கண்டனத்துக்குக் கண்டிக்கிறவனும் விலை கொடுத்தாக வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டைப் பற்றி நம் விமர்சகர்கள் யோசிப்பது நல்லது. புள்ளி ஏற ஏற அதிகாரமும் ஏறும். 2000 இருந்தால் பிறர் எழுத்தை யாரையும் கேட்காமல் திருத்தலாம். 3000 இருந்தால் ஒரு கேள்வி தேவையற்றது என்று மூடுவதற்கு ஓட்டுப் போடலாம். உதவி செய்ய வந்தவர்கள் இப்படித்தான் வாசல் காப்பவர்களாகவும் ஆனார்கள். புதிதாக வருகிறவர்களை அந்த இடம் வரவேற்பதில்லை என்று 2018இல் நிர்வாகமே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது.

நான் வங்கியில் வேலை பார்ப்பவன். கடன் எண்ணாக எழுதப்பட்டுவிட்டால் அதைக் கைமாற்றலாம் என்பது எனக்கு அன்றாட விஷயம். கொடுத்தவனையும் வாங்கியவனையும் பார்த்தேயிராத மூன்றாமவன் அதற்குச் சொந்தக்காரனாகலாம். நன்றிக்கடனை அப்படி மாற்ற முடியாது; அது இரண்டு பேருக்கிடையிலேயே இருந்து அவர்களோடு தீரும். 2021இல் பிரோசஸ் என்ற டச்சு நிறுவனம் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவை 180 கோடி டாலருக்கு வாங்கியது. பதில்கள் ஏற்கனவே எல்லோருக்கும் பொது. விலை போனது, ஜனங்கள் அங்கே வந்து கேட்பதும் சொல்வதுமாக இருந்த பழக்கம். எழுதியவர்களுக்கு அதில் பங்கில்லை. பங்கு உண்டு என்று யாரும் வாக்குக் கொடுக்கவுமில்லை. சன்மானமில்லாத பத்திரிகைகளில் எழுதுகிற நமக்கு இந்த நிலை புரியாததல்ல. ஆனால் நம் பத்திரிகைகளை யாரும் விலைக்குக் கேட்டதில்லை.

2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. மனிதர்கள் எழுதிக் குவித்ததைப் படித்துப் பழகிய இயந்திரம். அது எழுதிய பதில்கள் பார்வைக்குச் சரியாக இருந்து உள்ளே தவறாக இருந்ததால், ஒரு வாரத்துக்குள் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் அவை தடை செய்யப்பட்டன. 2023 ஜூனில், இயந்திரப் பதில்களை நீக்குவதற்கு நிர்வாகம் கட்டுப்பாடு விதித்ததை எதிர்த்து, சம்பளமில்லாத மேற்பார்வையாளர்கள் பலர் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2024 மே மாதம் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐயுடன் நிர்வாகம் ஒப்பந்தம் செய்துகொண்டது. கோபமடைந்த சிலர் தங்கள் பழைய பதில்களை அழிக்கவும் சிதைக்கவும் முற்பட்டார்கள். பதில்கள் பழையபடி மீட்கப்பட்டன; அழித்தவர்களின் கணக்குகள் தற்காலிகமாக முடக்கப்பட்டன.

கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா? கூடாது என்றே நினைக்கிறேன். அந்தப் பதில் நிர்வாகத்துக்குக் கொடுக்கப்பட்டதல்ல. பின்னிரவில் ஏதோ ஒரு ஊரில் விழித்துக்கொண்டிருக்கும் முகமறியாத ஒருவனுக்குக் கொடுக்கப்பட்டது. வாங்கி விற்றவர்கள் மீதுள்ள கோபத்தில் அதை அழித்தால் நஷ்டப்படுகிறவன் அவன்தான். ஆனால் அந்தக் கோபம் அற்பமானது என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் பணம் கேட்கவில்லை. உரிமத்தில் இருந்த முதல் நிபந்தனை பெயரைச் சொல்ல வேண்டும் என்பது. வாயால் சொல்லும் நன்றியை அடித்துவிட்ட அந்தச் சமூகத்தில், சட்டத்தின் பாஷையில் மிஞ்சியிருந்த நன்றி அது ஒன்றுதான். ஆயிரம் பேர் எழுதியதைக் கரைத்து இயந்திரம் ஒரு பதிலைத் தரும்போது எந்தப் பெயரைச் சொல்வது? ஒப்பந்தம் செய்தவர்கள் பெயரையும் மூலத்தையும் குறிப்பிட ஏற்பாடு உண்டு என்கிறார்கள். அடியில் ஒரு சுட்டியைப் போடுவதும், ஒரு மனிதன் தனக்காக மெனக்கெட்டான் என்பதை வாங்கியவன் அறிவதும் ஒன்றல்ல.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுக்கு வரும் கேள்விகள் இந்த வருஷங்களில் பெரிதும் குறைந்துவிட்டன. இயந்திரத்திடம் கேட்பவன் தனியாகக் கேட்கிறான்; பதில் கிடைத்தவுடன் எழுந்து போய்விடுகிறான். அவனுடைய தடுமாற்றம், அது தீர்ந்த விதம் இரண்டும் அடுத்தவனுக்கு மிஞ்சுவதில்லை. நாளை ஒரு புதிய மொழி வரும். யாரும் இதுவரை சந்திக்காத பிழைகள் அதில் இருக்கும். முதலில் அதைச் சந்திக்கிறவன், கண்டுபிடித்ததை எங்கே, யாருக்காக எழுதி வைப்பான்?