படைக்கலம் பயிற்றுவிப்பது பாவமா?

சேந்தமங்கலத்தில் நான் பங்குப்பணியாற்றிய நாள்களில், ஒரு மாலை செபமாலை முடிந்தபின் ஒருவர் என் அறை வாயிலில் வந்து நின்றார். மதராஸ் ரெஜிமென்ட்டில் அவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மத்தியப் பிரதேசத்தின் மோ நகரிலுள்ள காலாட்படைப் பள்ளியில் பயின்று, பல ஆண்டுகள் புதிய வீரர்களுக்கு ஆயுதப் பயிற்சி அளித்தவர். அன்று மழை. கையிலிருந்த குடையை மடக்கி, அதன் முனை தரையையே நோக்கியிருக்கப் பிடித்திருந்தார். அதை அப்போது நான் பொருட்படுத்தவில்லை.

"சாமி, இது பாவசங்கீர்த்தனம் இல்லை. ஆனாலும் மனத்தை அரிக்கிறது. துப்பாக்கிப் பயிற்றுநராக அங்கீகாரம் பெற்றுக்கொள்ளும்படி நண்பர்கள் சொல்கிறார்கள். படையில் கற்பித்தது நாட்டுக்கான கடமை. இனிமேல் காசு வாங்கிக்கொண்டு, காசுள்ளவர்களுக்குக் கற்பிக்கப் போகிறேன். இது பாவமா?" என்றார்.

அவர் இசைவுடன்தான் இதை எழுதுகிறேன்.

குருமடத்தில் கற்ற விடை ஒன்று உடனே நாவில் வந்து நின்றது. புனித தாமஸ் அக்குவினாஸ் தமது இறையியல் தொகுப்பில் இதைத் தொட்டிருக்கிறார். அதுவும் படையைப் பற்றியோ போரைப் பற்றியோ பேசுமிடத்தில் அன்று, பெண்களின் ஒப்பனை குற்றமா என்று ஆராயும் இடத்தில்! தீமைக்கன்றி வேறெதற்கும் பயன்படாத பொருளைச் செய்பவன் பாவம் செய்கிறான். வாளும் அம்பும் போல நன்மைக்கும் தீமைக்கும் பயன்படக்கூடியவற்றைச் செய்பவன்மீது குற்றமில்லை என்பது அவர் முடிவு. ஆயினும், ஒரு தொழிலின் விளைபொருளைப் பெரும்பாலோர் தீய வழியிலேயே பயன்படுத்துவராயின், ஆட்சியாளர் அத்தொழிலை நாட்டிலிருந்து அகற்ற வேண்டும் என்றும் சேர்த்துக்கொள்கிறார். இந்தப் பிற்பகுதியைச் சொல்லாமல் முற்பகுதியை மட்டும் சொல்லி அவரை அனுப்பியிருக்கலாம். எனக்கும் இரவு உணவுக்கு நேரமாகிவிட்டிருந்தது. ஆனால் அவர் நாற்காலியில் அமர்ந்து, தம் அண்ணனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

அவர் பிறந்தது கொல்லிமலை அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில். மரவள்ளிக் கிழங்கு விளையும் பூமி. காட்டுப்பன்றி ஓரிரவில் ஓராண்டு உழைப்பைக் கிளறிப்போட்டுவிடும். சித்தப்பாவிடம் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. குழலின் வாய்வழியாகக் கருமருந்தை இட்டு, நாரால் அடைத்து, ரவைகளைப் போட்டுக் கம்பியால் கெட்டிக்கும் பழைய வகை. ஒருநாள் இரவுக் காவலில் செடிகள் அசைந்தன, சித்தப்பா சுட்டார். அசைந்தது பன்றியன்று, மறுபக்கத்திலிருந்து வந்த அண்ணன். அவனுக்கு வயது பத்தொன்பது. "சித்தப்பா கெட்டவர் இல்லை, சாமி. அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை" என்றார்.

இணைச்சட்ட நூலின் 19ஆம் அதிகாரத்தில், காட்டில் மரம் வெட்டுகையில் கோடரி காம்பைவிட்டுக் கழன்று அயலானைக் கொன்றுவிட்டால், வெட்டியவன் அடைக்கல நகருக்கு ஓடிப் பிழைக்கலாம் என்று விதித்திருக்கிறது. சித்தப்பாவுக்கு அத்தகைய நகர் எதுவும் இல்லை. விடுதலைப் பயண நூலின் 21ஆம் அதிகாரமோ இன்னொன்றைச் சொல்கிறது: முட்டும் பழக்கமுள்ள மாடென்று தெரிந்தும் கட்டிவைக்காதவன், அது கொன்ற உயிருக்குப் பொறுப்பாளி. அறியாமல் நேர்ந்ததற்கு அடைக்கலம். அறிந்தும் காவாததற்குத் தண்டனை. துப்பாக்கி எந்தப் பக்கம் சேரும்? அது முட்டும் மாடு என்பதை அறியாதவர் எவருமில்லையே!

கொல்லிமலைக்காரர்களாகிய நாம் குறிபார்த்தலைப் பெருமையாகப் பேசியே வளர்ந்தவர்கள். வல்வில் ஓரி ஆண்ட மலை இது. ஆடி மாதத்தில் அவன் பெயரால் விழா எடுத்து வில்வித்தைப் போட்டியும் நடத்துகிறோம். புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் காட்டும் வேட்டைக்காட்சி யாவரும் அறிந்தது. ஓரி எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பிலே போய்த் தைத்து நிற்கிறது. இதனை அவில்தாரிடம் பெருமையோடு சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நான் கற்பிக்கும் நான்காவது விதி இதுதான், சாமி. இலக்கை அறி, இலக்குக்குப் பின்னால் இருப்பதையும் அறி. அம்பு யானையோடு நிற்கவில்லையே" என்றார். அந்தப் பாடலை இத்தனை ஆண்டுகளில் உடும்பின் பக்கமிருந்து நான் பார்த்ததில்லை.

மற்ற மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எந்தத் துப்பாக்கியையும் மருந்து நிரம்பியதாகவே கருதவேண்டும். அழிக்க விரும்பாத எதன்மீதும் குழல்முனையைத் திருப்பலாகாது. குறி உறுதிப்படும்வரை விரலை விசையின்மேல் வைக்கலாகாது. அன்று அவர் குடையை ஏன் அவ்வாறு பிடித்திருந்தார் என்பது அப்போதுதான் விளங்கியது. நாட்டுத் துப்பாக்கியில் இன்னோர் ஆபத்தும் உண்டாம்: மருந்து உள்ளே இருக்கிறதா இல்லையா என்பது வெளியிலிருந்து தெரியாது. கெட்டிக்கும் கம்பியை உள்ளே விட்டு, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளந்துதான் அறியவேண்டும். பரணில் கிடக்கும் துப்பாக்கியை எடுத்து விளையாடும் பிள்ளைக்கு அந்த அளவு எப்படித் தெரியும்?

இனி நம் நாட்டுச் சட்டம். 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடைசெய்கிறது. 2016இல் வந்த படைக்கல விதிகள் உரிமம் கேட்போர் பாதுகாப்புப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் காட்டவேண்டும் என்கின்றன. கையாளும் முறை, பத்திரப்படுத்தும் முறை, சட்ட அறிவு, வீட்டில் குழந்தைகள் இருக்கையில் காட்டவேண்டிய பொறுப்பு ஆகியவை பாடங்கள். ஆக, பயிற்றுநர் வெறும் ஆசிரியர் அல்லர். ஒருவகையில் வாயிற்காவலரும் ஆவார். அவருடைய கையெழுத்து, 'இம்மனிதனிடம் இதை நம்பிக் கொடுக்கலாம்' என்று அயலாரிடம் சொல்லும் சாட்சியம்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது, அதை மறைக்கலாகாது. சித்தப்பாவைப் போன்றவர் எவரும் இவரிடம் வந்து கற்கமுடியாது. உரிமமில்லாதவன் பயிற்சிக்கு வந்தால் வழக்கில்தான் முடியும். காவல்துறையோ நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்குமாறு மலையூர்களில் அறிவிக்கிறது, அது சரியே. ஆனால் பன்றி மட்டும் அறிவிப்பைக் கேட்டு நிற்பதில்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று தமிழக அரசு 2025இல் முடிவெடுத்தது. காட்டை ஒட்டியே நிலம் வைத்திருப்பவனுக்கு அதனால் என்ன பயன்? தேவை உள்ளவனுக்குக் கல்வி இல்லை. கல்வி பெறுபவனுக்குத் தேவை உண்டா என்பதோ ஐயம். அவில்தாரின் மனத்தை அரித்தது இதுவே என்று நினைக்கிறேன்.

விளையாட்டுக்காகக் கற்போரைப் பற்றி எனக்கு நெருடல் இல்லை. இந்திய தேசிய ரைபிள் சங்கத்தை 1951இல் தோற்றுவித்து அதன் முதல் தலைவராக இருந்தவர், மக்களவையின் முதல் அவைத்தலைவரான மாவலங்கர். காந்தியடிகளோடு நெருங்கிப் பணியாற்றியவர். கேரளத்தின் உழவூரில் ஆங்கிலப் பேராசிரியராயிருந்த சன்னி தாமஸ், 1993 முதல் 2012 வரை இந்திய அணியைப் பயிற்றுவித்தார், 2025இல் மறைந்தார். அவர் காலத்தில்தான் 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா பத்து மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வென்றார். மூச்சை அடக்கிக் காகித வட்டத்தின் நடுவைத் தேடும் அந்த ஒருமுகப்பாட்டில் செபத்தின் சாயலைக்கூடக் காணலாம்.

சன்னி தாமஸுக்கு 2001இல் அளிக்கப்பட்ட விருதின் பெயர் துரோணாச்சாரியார் விருது. அந்தப் பெயர் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. ஏகலைவனைத் துரோணர் மாணவனாக ஏற்க மறுத்தார். மறுத்ததற்குக் காரணம் அவன் குணமன்று, குலம். தம் மகன் அசுவத்தாமனுக்கோ பிரம்மாத்திரத்தை ஏவும் வித்தையைக் கொடுத்தார். அருச்சுனன் ஏவியதைத் திரும்ப அழைத்துக்கொண்டான்; அசுவத்தாமனால் இயலவில்லை. மறுக்கக் கூடாதவனை மறுத்து, மறுக்க வேண்டியவனுக்கு அரைகுறையாகக் கொடுத்த ஆசிரியர் அவர். போர்க்களத்தில் அவர் செய்த எந்தப் பிழையும் இவ்விரண்டைவிடப் பெரிதென்று எனக்குத் தோன்றவில்லை.

திருச்சபையின் நினைவிலும் இந்தத் தடுமாற்றம் இருக்கிறது. 1139இல் கூடிய இரண்டாம் இலாத்தரன் பொதுச்சங்கம், கிறிஸ்தவருக்கு எதிராக வில்லாளரின் கலையைப் பயன்படுத்துவதைச் சாபத்தீர்ப்பின்கீழ்த் தடைசெய்தது. அரசர்கள் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. தற்காப்பு உரிமை மட்டுமன்று, பிறர் உயிருக்குப் பொறுப்பேற்றவருக்குக் கடமையும் ஆகலாம் என்கிறது இன்றைய மறைக்கல்வி. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸோ, தம்மைக் கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொண்டே ஆயுதத் தொழில் நடத்துவோர் நம்பிக்கைக்கு உரியவராகத் தோன்றவில்லை என்று 2015இல் துரின் நகரத்து இளைஞரிடம் கூறினார். விவிலியத்திலும் அப்படியே. 144ஆம் திருப்பாடல் தன் கைகளைப் போருக்குப் பழக்கியவர் ஆண்டவரே என்று புகழ்கிறது. எசாயாவோ வாள்கள் கொழுமுனைகளாகும் நாளைப் பாடுகையில், அந்நாளில் எவரும் போரைக் கற்கவும் மாட்டார்கள் என்று முடிக்கிறார். வாளை அடித்து மாற்றினால் போதாது, கற்றலும் நிற்கவேண்டும். ஆயுதத்தின் வேர் கல்வியில் இருப்பதை அந்த இறைவாக்கினர் கண்டிருக்கிறார்.

அந்த நாள் இன்னும் வரவில்லை. வரும்வரை, கற்பிப்பவர் எவராக இருக்கவேண்டும்? அஞ்சுகிறவரா, அஞ்சாதவரா? போதகராக விரும்புவோர் மிகுதியான தீர்ப்புக்கு உள்ளாவர் என்று யாக்கோபு எச்சரித்தது திருச்சபைப் போதகரைத்தான். எனினும் என் முன் அமர்ந்திருந்த மனிதருக்கு அது என்னைக் காட்டிலும் நன்றாகப் பொருந்தியது.

அவரிடம் பாவமில்லை என்றும் சொல்லவில்லை, பாவமென்றும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன்: "கட்டணம் கட்டி, எல்லாப் பாடமும் முடித்து, குறியும் சரியாக அடிக்கிற ஒருவனிடம் 'உனக்குக் கையெழுத்துப் போடமாட்டேன்' என்று சொல்ல உங்களால் முடியுமா?"

நெடுநேரம் பேசாமலிருந்தார். "அவன் பெரிய இடத்துப் பிள்ளையாக இருந்தால்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

"அப்போதுதான் கேள்வியே" என்றேன்.

அவர் அப்பயிற்றுநர் பணியை ஏற்றுக்கொண்டார். நான் வேறு பங்குக்கு மாறிவந்த பின்னும் எப்போதாவது தொலைபேசியில் பேசுவார். முதல் நாள் வகுப்பில் எவர் கையிலும் துப்பாக்கியைக் கொடுப்பதில்லையாம். ஒவ்வொருவராக வெளியே அழைத்துச்சென்று, எதிரே தெரியும் மரத்தைச் சுட்டி, அதற்குப் பின்னால் என்னென்ன இருக்கின்றன என்று கேட்பாராம். சுவர் என்பார்கள், வயல் என்பார்கள். தெரியவில்லை என்று எவராவது சொல்லும்வரை விடமாட்டாராம். இதுவரை இருவருக்குக் கையெழுத்து மறுத்திருக்கிறார். அவர்களுள் ஒருவரின் தந்தை இன்னும் அவரோடு பேசுவதில்லை.